கிராமத்துப் பள்ளியில் நல்ல ஆசிரியரைப் பாராட்ட எந்த வழி நல்லது? ஊர்க்காரர்களுக்கான ஓர் ஒப்பீடு

கொங்குப் பக்கத்து ஊர்களில் அரசுப் பள்ளிக்குச் செலவு செய்ய மனமுள்ளவர்களுக்குக் குறைவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர், நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருப்பவர் எல்லோரும் மாரியம்மன் நோம்பிக்கு ஊர் வந்து கூடும்போது, "நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செய்யோணுமுங்க" என்று பேச்சு எழும். சுற்றுச்சுவர், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு எல்லாம் அப்படி வந்தவைதான். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை முறையாகச் செலுத்தவும் வழி இருக்கிறது. ஆனால் உள்ளே நின்று பாடம் நடத்தும் டீச்சரைப் பாராட்ட வேண்டும் என்றால் ஊருக்குத் தெரிந்தது சால்வையும் ஷீல்டும்தான்.

ஒரு முன்னாள் மாணவர் சங்கமோ பள்ளி மேலாண்மைக் குழுவோ ஆண்டுக்கு 50,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து ஐந்து வழிகளில் ஆசிரியரைப் பாராட்டலாம்: அரசு விருதுக்கு அவரைத் தயார் செய்வது, ஊரே ஒரு 'சிறந்த ஆசிரியர்' விருது தருவது, பள்ளியின் ஆசிரியர்கள் எல்லோரையும் ஒன்றாகப் பாராட்டுவது, அவர் பெயரில் வகுப்பறை நிதி தருவது, அவர் செய்ததைப் பிற ஆசிரியர்களிடம் கொண்டுபோக வழி செய்வது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஊருக்குள் என்றால் வகுப்பறை நிதியும் விவரமான ஒரு கடிதமும் சேர்ந்ததே நல்ல வழி. தனிநபர் விருது ஒன்றிய அளவில் மட்டுமே பொருந்தும். காரணங்களைப் பார்க்கலாம்.

அரசு விருதுகள்

மாநில அரசின் நல்லாசிரியர் விருதுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது என்று பெயர். 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் தொடங்கியது. 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். செப்டம்பர் 5 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் வழங்குவார். 2018 முதல் தேசிய விருதுக்கு ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசிய நடுவர் குழு என்று மூன்று படி தாண்ட வேண்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கென்று அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது தனியாக இருக்கிறது. அதில் 10 லட்சம் ரூபாய் பள்ளியின் மேம்பாட்டுக்கே போகிறது. தனிமனிதரின் உழைப்புக்கு மதிப்புக் கொடுத்து, பலனைப் பள்ளியிலேயே தங்க வைக்கும் இந்த அமைப்பு நல்ல அமைப்பு. ஊர் விருது வைப்பவர்கள் சிறிய அளவில் இதைப் பின்பற்றலாம்.

அரசு விருதின் மதிப்பை வேறு எதுவும் ஈடு செய்யாது. ஆசிரியரின் வாழ்நாள் முழுக்க அது பேசும். ஆனால் கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலர் விண்ணப்பமே போடுவதில்லை. 'என்னைப் பற்றி நானே எப்படி எழுதுவது' என்ற கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கையில் ஆதாரம் இல்லாதது. வேலை நடந்திருக்கும், தேதி போட்ட படம் இருக்காது, ஜூனில் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்ற குறிப்பு இருக்காது.

ஊர் உதவ வேண்டிய இடம் இதுதான். 2,000 ரூபாய்கூட ஆகாது. ஒரு கோப்பு தொடங்குங்கள். ஐந்தாண்டு மாணவர் சேர்க்கை எண்ணிக்கை (எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் இருப்பது), ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்த வாசிப்புப் பட்டியல், தேதியுள்ள படங்கள், குறிப்பிட்ட வேலையைச் சொல்லும் மேலாண்மைக் குழுத் தீர்மானங்கள் இருந்தால் போதும். அறிவிப்பு வந்த பிறகு தேட ஆரம்பித்தால் நேரம் போதாது. ஜூன், ஜூலையில் பள்ளி திறப்பு, சேர்க்கை, பதிவேற்றம் என்று ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கோப்பு பிப்ரவரிக்குள் தயாராக இருக்க வேண்டும். தனி டியூஷன் எடுப்பவர்கள் இந்த விருதுகளுக்குத் தகுதி பெறமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது.

இந்த வழியின் குறை எண்ணிக்கைதான். மாநிலம் முழுக்க ஆண்டுக்கு நானூறுக்கும் குறைவானவர்கள்தான் மாநில விருது பெறுகிறார்கள். ஒரு ஊரின் நல்ல ஆசிரியருக்கு அது பணிக்காலம் முழுவதும் வராமலே போகலாம். அதை மட்டும் நம்பி ஊர் சும்மா இருக்க முடியாது.

ஊரே தரும் 'சிறந்த ஆசிரியர்' விருது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அதிகம் கெட்டுப்போவதும் இதுதான்.

கொங்குக் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். ஒரு தலைமை ஆசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர், ஐந்து வகுப்பு. அங்கே ஒருவரைச் சிறந்தவர் என்று மேடையில் சொன்னால் இன்னொருவரை என்ன சொன்னதாக ஆகும்? மறுநாள் காலையில் அவர்கள் இருவரும்தான் பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்த வேண்டும். கசப்பைத் தவிர்க்க அடுத்த ஆண்டு மற்றவருக்குக் கொடுப்பார்கள், அதற்கடுத்து இவருக்கு. மூன்றே ஆண்டில் விருது முறை வைத்துக் கொடுப்பதாகிவிடும்.

பத்து, பதினைந்து ஆசிரியர்கள் உள்ள உயர்நிலைப் பள்ளியில் சிக்கல் வேறு மாதிரி. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து உறைவிடப் பள்ளிகளின் மதிப்பெண் விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. அதனால் 'யார் பாடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்பதே அளவுகோலாகிவிடும். இதில் மூன்று கேடு. பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு மட்டுமே விருது போகும். எழுத்தறியாமல் வந்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் தூக்கி நிறுத்தியவர் கண்ணில் படமாட்டார். பாடங்களுக்கிடையே கடினம் வேறுபடும். தமிழையும் கணக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மூன்றாவது கேடுதான் மிக மோசம்: படிப்பில் பின்தங்கிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தவும் தனித்தேர்வராக எழுதச் சொல்லவும் தூண்டுதல் வந்துவிடும். தேர்ச்சி விகிதம் ஏறும், பிள்ளை விசைத்தறிக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடும்.

பணப்பரிசே பயனில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2005 முதல் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஊக்கத்தொகையைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களின் மதிப்பெண் எவ்வளவு முன்னேறியது என்பதைப் பொறுத்துத் தொகை. இரண்டே ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் வரம்பைத் தாண்டிய எவருக்கும் தொகை உண்டு. ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை. தேர்வை நடத்தியவர்கள் வெளியாட்கள். எவ்வளவு மதிப்பெண் என்று பார்க்கவில்லை, எங்கிருந்து எங்கே வந்தார்கள் என்று பார்த்தார்கள். கென்யாவில் மாவட்டத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பள்ளிவாரியாகப் பரிசு வைத்தபோது ஆசிரியர்கள் தேர்வுக்குத் தயார் செய்யும் கூடுதல் வகுப்புகளை நடத்தினார்கள். பள்ளிக்கு வரும் நாள் கூடவில்லை, மதிப்பெண் உயர்வும் திட்டம் முடிந்தபின் நிலைக்கவில்லை. ஊர் விருதுகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

விருதுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழு பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர், எல்லோரும் ஒரே சாதி, அதிலும் பாதிப் பேரின் பேரப்பிள்ளைகள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் என்றால், அந்தக் குழுவுக்கு அரசுப் பள்ளி வகுப்பறையைப் பற்றி என்ன தெரியும்? ஊருக்குப் பழக்கமான ஆசிரியர், விசேஷத்துக்கு வந்து போகிறவர், 'நம்மாளு' என்று தேர்வு போய்விடும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி காலனியிலிருந்து வருகிறது என்றால் குழுவிலும் அந்தப் பெற்றோர் அதே அளவில் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. தேர்வையும் அவர்களிடம் விடுவதில் தயக்கம் கூடாது.

ஒன்றிய அளவில் நிலைமை வேறு. பெருந்துறை, காங்கேயம், பொங்கலூர் போன்ற ஓர் ஒன்றியத்தின் பள்ளிகள் எல்லாவற்றிலிருந்தும் ஆண்டுக்கு மூன்று பேர் என்றால், ஒரே ஆசிரியர் அறைக்குள் பிளவு வராது. அப்போதும் 'சிறந்த ஆசிரியர்' என்று பொதுவாக வேண்டாம். 'தொடக்க வகுப்பு வாசிப்பு', 'இடைநின்றவர்களை மீட்டது', 'வேறு தாய்மொழிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது' என்று வேலையின் பெயரில் கொடுங்கள். மூன்றாவது பிரிவு நம் பகுதிக்கு மிகத் தேவை. தாளவாடி, பர்கூர் மலைப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி கன்னடம். ஆனைகட்டிப் பக்கம் இருளர் மொழி. திருப்பூரைச் சுற்றிய பள்ளிகளில் இந்தியும் ஒடியாவும் பேசும் குழந்தைகள். அந்தப் பிள்ளையின் மொழியில் முப்பது, நாற்பது சொற்களைக் கற்றுக்கொண்டு அதன் வழியே தமிழுக்குக் கூட்டி வரும் ஆசிரியர் செய்யும் வேலை எந்தத் தேர்ச்சி விகிதத்திலும் தெரியாது.

பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்து

சிறிய பள்ளிக்கு இது ஒத்துவரும். சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர், தன்னார்வலர் ஆகியோரையும் சேர்த்து அழைத்தால் அவர்களுக்கு அது பெரிய மரியாதை. பிளவு வராது. ஆனால் எல்லோருக்கும் ஒரே சால்வை என்றால், உண்மையிலேயே கூடுதலாக உழைத்தவருக்கு அது எதையும் சொல்வதில்லை. ஆண்டு விழாவில் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

வகுப்பறை நிதி

எங்கள் பரிந்துரை இது. ஆசிரியர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையை அடையாளம் கண்டு, அதைத் தொடர்வதற்கான பணத்தை அவர் பெயரில், அவர் விருப்பப்படி செலவிடத் தருவது. நல்ல ஆசிரியர்கள் பலர் அட்டை, வண்ணம், கதைப் புத்தகம், பிரிண்ட் அவுட் எல்லாவற்றையும் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். 'உங்கள் வேலையைப் பார்த்தோம், நம்புகிறோம், இதை வைத்து நடத்துங்கள்' என்று ஊர் சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை.

50,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம். மூன்று ஆசிரியர்களுக்குத் தலா 14,000 என்று 42,000. கடிதம், ஃபிரேம் போட்ட சான்று, எளிய விழா ஆகியவற்றுக்கு 5,000. மீதி 3,000 கையிருப்பு. இதே தொகையில் ஷீல்டு விழா வைத்தால் பந்தல், மைக் செட், ஃபிளெக்ஸ், சாப்பாடு, பெரிய மனிதர்களுக்குச் சால்வை என்று போய், ஆசிரியர் கைக்கு வருவது சொற்பம்.

14,000 ரூபாய்க்கு என்ன வரும்? 50 ரூபாய் விலையில் 120 கதைப் புத்தகம் 6,000. வகுப்பறையில் குறுக்கே கம்பி கட்டிப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட 1,000. பீரோவுக்குள் பூட்டிய புத்தகத்தை யாரும் படிப்பதில்லை; கிழிந்தால் கிழியட்டும் என்று விடுவது முக்கியம். தரையிலிருந்து மூன்றடி வரை சுவரில் பிள்ளைகள் எழுதக் கரும்பலகை வண்ணம் 3,000. மீதி 4,000-ஐ 'எண்ணும் எழுத்தும்' என்ற தொடக்க வகுப்புத் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளுக்கு ஏற்ற பயிற்சித் தாள், எழுத்து அட்டைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். இது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. பட்டியலை ஆசிரியர்தான் எழுத வேண்டும். 'புரொஜெக்டர் வாங்குங்க டீச்சர்' என்று ஊர் சொல்ல ஆரம்பித்தால் நிதியின் பொருளே போய்விடும்.

கொடுக்கும் முறையில் கவனம் வேண்டும். அரசு ஆசிரியருக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். பரிசு பெறுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. தங்கக் காசு, ரொக்கக் கவர் என்று மேடையில் கையில் கொடுத்து அவரைச் சிக்கலில் மாட்டாதீர்கள். விழாவுக்கு முன்பே தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ எழுதி, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வகுப்பறை நிதிக்கு இது எளிது, ஏனென்றால் பணம் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்குப் போகாது. மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தி, 'இன்ன வகுப்புக்கு, இன்ன ஆசிரியரின் பரிந்துரைப்படி' என்று எழுதிக்கொள்ளலாம்.

பணம் அங்கேயே முடங்கிப்போவதும் உண்டு. தலைவரும் தலைமை ஆசிரியரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டிய கணக்கு அது. ஒருவர் ஊரில் இல்லை என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். இதைத் தவிர்க்க இரண்டு தவணையாகப் பிரியுங்கள்: ஜூனில் 9,000, முதல் தவணைக்கான ரசீதுகள் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்டபின் நவம்பரில் 5,000. முன்னாள் மாணவர் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருந்தால், கடைக்கு நேரடியாகப் பணம் கட்டிப் பொருளைப் பள்ளிக்குக் கொடுப்பது இன்னும் வேகம். எப்படி வாங்கினாலும் பொருள்கள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

மாறுதல் கலந்தாய்வையும் முன்கூட்டியே யோசியுங்கள். நிதி வாங்கிய ஆசிரியர் அடுத்த மே மாதம் வேறு ஒன்றியத்துக்குப் போய்விடலாம். 'கொடுத்ததெல்லாம் வீண்' என்று ஊர் முணுமுணுக்கும். பொருள் பள்ளியில் இருக்கும், கடிதம் ஆசிரியரோடு போகும், செலவாகாத தவணை அந்த வகுப்பின் அடுத்த ஆசிரியருக்கு என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

யாருக்கு என்று எப்படி முடிவு செய்வது

வகுப்பறைக்குப் போகாமல் யாரையும் தேர்வு செய்யக்கூடாது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி இரண்டு பேர் அரை நாள் போனால் போதும். ஒருவர் உள்ளூர்ப் பெற்றோர், மற்றவர் ஓய்வு பெற்ற வெளியூர் ஆசிரியர் என்றால் நல்லது.

வருகைப் பதிவேட்டைத் திறந்து, எண்களில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது, இருபதாவது பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஆசிரியர் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிள்ளைகள் வேண்டாம். பாடப்புத்தகத்தில் இல்லாத எட்டு வரிக் கதை ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லிவிடும், விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் இன்னொரு வரியில் இருக்கும். படித்ததும் கதையில் வந்தவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். இதை ஜூலையில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் அதே பிள்ளைகளிடம் செய்து குறித்து வைத்தால், அதுவே அரசு விருதுக் கோப்புக்கும் ஆதாரம். ஒற்றை முறை பார்ப்பதில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியே முன்னால் நிற்கும்.

பிறகு நோட்டுகள். வெறும் டிக் மட்டும் இருக்கிறதா, பிள்ளை தவறைத் திருத்தி மறுபடி எழுதியிருக்கிறதா? நீண்ட நாள் வராத பிள்ளை யார் என்று கேட்டால், நல்ல ஆசிரியர் பதிவேட்டைப் பார்க்காமலே பெயரும் காரணமும் சொல்வார்: அப்பா அம்மா கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள், பொங்கலுக்குப் பிறகு வருவார்கள், பாட்டி வீட்டில் இருக்க வைக்கப் பேசியிருக்கிறேன் என்று.

பரிந்துரைப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெற்றோர், பழைய மாணவர், சக ஆசிரியர் யாரும் தரலாம். சக ஆசிரியரின் பரிந்துரைக்குக் கூடுதல் எடை கொடுங்கள். உள்ளிருந்து பார்ப்பவர் அவர்தான்.

கடிதம்

நிதியைவிட ஆசிரியர் பத்திரமாக வைத்துக்கொள்வது இதைத்தான். 'தங்களின் தன்னலமற்ற சேவையையும் அர்ப்பணிப்பையும் பாராட்டி' என்று அச்சடித்த சான்றை யார் பெயருக்கும் மாற்றிவிடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஜூலையில் மூன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் படித்தார்கள். பிப்ரவரியில் அவர்களில் ஒன்பது பேர் புதிய கதையைத் தடையில்லாமல் படித்தார்கள். வாரம் மூன்று நாள் மதிய உணவுக்குப் பின் நீங்கள் நடத்திய வாசிப்பு நேரத்தால் இது நடந்தது. எங்கள் ஊர் இதை அறியும்.' குழுத் தலைவரும் ஐந்து பெற்றோரும் கையெழுத்திடட்டும், கைநாட்டானாலும் சரி. பிரதியை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். கிராம சபையில் இதைத் தீர்மானமாகவும் வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, பிப்ரவரிச் சோதனைக்குப் பிறகு வரும் கூட்டம் இதற்குப் பொருத்தம்.

பிறருக்குக் கற்றுத்தர வாய்ப்பு

சில ஆசிரியர்களுக்குப் பணத்தைவிட இது பெரிது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் நான்கு பேர் வந்து அவர் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்வது, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அவர் பேச வாய்ப்புக் கேட்டுக் கல்வி அலுவலருக்கு எழுதுவது, வேறு மாவட்டத்தின் நல்ல பள்ளி ஒன்றைப் பார்த்துவர வண்டிச் செலவு தருவது. ஆனால் அவர் வெளியே போகும் நாளில் அவருடைய வகுப்பை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இதைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்வதே முறை. கொல்லிமலை, கடம்பூர் மலைப் பள்ளி ஆசிரியர் என்றால், பஸ் நேரம் பார்த்து முதல் நாள் மாலையே இறங்கித் தங்கவும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

நாள் குறிப்பது

செப்டம்பர் 5 வேண்டாம். அன்று மாவட்ட, மாநில விழாக்கள் இருக்கும். பிள்ளைகளும் ஆசிரியர்களுக்குத் தாங்களே ஏதாவது செய்வார்கள், அது அவர்கள் நாளாக இருக்கட்டும். மார்ச் பொதுத்தேர்வுக் காலமும் ஆகாது. பிப்ரவரி வாசிப்புச் சோதனை முடிந்த கையோடு, மாத இறுதியில் ஒரு மாலை வைக்கலாம். ஊரில் நோம்பி அந்தச் சமயம் வந்தால் வெளியூர்ப் பழைய மாணவர்களும் இருப்பார்கள். வரவு செலவை மட்டும் நோம்பிக் கணக்கோடு கலக்காதீர்கள். வெளியிலிருந்து சிறப்பு விருந்தினரை அழைத்தால் அவர் வரும் வரை பிள்ளைகளை வெயிலில் உட்கார வைக்க நேரும். அந்த ஆசிரியரிடம் முன்பு படித்த ஒருவர், இன்று லேத் பட்டறையில் வேலை செய்பவராகவே இருக்கட்டும், அவர் கடிதத்தை ஒலிபெருக்கியில் படித்துக் கொடுத்தால் போதும். விழாவை ஒரு மணி நேரத்தில் முடித்து, டவுன் பஸ் போவதற்குள் ஆசிரியரை விட்டுவிடுங்கள்.